கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே

தபாலில் வந்தது. இரண்டு தீப்பெட்டிகளை
ஒட்டி வைத்த அளவு, சாம்பல் நிறம்.
உலுக்கிப் பார்த்தேன். உள்ளே எதுவும் ஆடவில்லை.
கூடவே ஒட்டுப்பட்டை, உறைக்குள் ஓர் ஈரத்துணி,
எட்டு மொழிகளில் ஒரு தாள்.
எட்டில் நம்முடையது இல்லை.

கார் எனக்குப் புதிது, உலகத்துக்குப் பழசு.
துர்னு பக்கத்துப் பல்வைத்தியர் ஒருவர் ஓட்டியது.
இருக்கைக்கடியில் ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறையையும்
தெரியாமல் சேர்த்து விற்றுவிட்டார்.
முன்கண்ணாடியில், பின்பார்வை ஆடியின் முதுகுப்பக்கம்
நீள்சதுரமாய் ஒரு பசைத் தழும்பு.
அழுக்கென்று நினைத்தேன்.
நகத்தால் சுரண்டி, மதுசாரம் தொட்டுத் துடைத்து
பெருமையாய் நிமிர்ந்தேன்.

சுங்கப்பெட்டியை இடது மூலையில் ஒட்டினேன்,
எல்லோருக்கும் தெரியட்டும் என்று.
சாமிப்படம் மாட்டுகிறவளின் நியாயம்.

வில்ஃபிரான்ஷ் நுழைவாயில். இன்னும் விடியவில்லை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து
செம்மஞ்சள் விளக்கு எரிந்த பாதையில் ஊர்ந்தேன்.
தடை அசையவில்லை.
மின்சாரக் கார் நின்றால் நின்றதுதான்.
உறுமி அவசரம் காட்டக்கூட அதற்குத் தொண்டையில்லை.
பின்னால் நின்ற ரொட்டி வேன்
எங்கள் இருவருக்குமாய் உறுமியது.

கம்பத்திலிருந்து ஒரு பெண்குரல், தூக்கம் கலந்து:
"மதாம், உங்கள் கண்ணாடிக்குள் உலோகப் பூச்சு இருக்கிறது.
வெயிலைத் தடுக்க.
சமிக்ஞையையும் அது வெயில் என்றே நினைக்கிறது.
ஆடிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் தெரிகிறதா?
அங்கே மட்டும் பூச்சு இல்லை. அங்கே பிடியுங்கள்."

பிடுங்கினேன். கையை உயர்த்தி
பிச்சை கேட்கிறேனா ஆசீர்வதிக்கிறேனா என்று தெரியாமல்
புள்ளிகளுக்கு நடுவே பிடித்தேன்.
பீப்.
நான் துடைத்தெறிந்த தழும்பின் இடம் அது.
ஓட்டையைச் சரியாகத்தான்
அடைத்திருக்கிறார் பல்வைத்தியர்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒட்டினோம்.
குலேந்திரன் டோர்ச் பிடித்தார், கூடவே யோசனைகளும்.
"கொஞ்சம் மேலே. சரிவாய் இருக்கு. இப்ப அமத்து."
முப்பது விநாடி அழுத்தச் சொன்னது தாள்.
இருபது வரை தமிழில் எண்ணியவர்
மீதியைப் பிரெஞ்சில் எண்ணினார்,
ஏனென்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

மாதக் கடைசியில் பட்டியல் வந்தது.
பீப் என்ற ஒரு சொல் மட்டும் பேசுகிற பெட்டி
எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது.
வில்ஃபிரான்ஷில் நுழைவு 5.52.
மாக்கோனில் வெளியேற்றம் 7.04.
அடுத்த நாள் 5.49. 7.01.
"இருபத்தைந்து நிமிசப் பாதையெல்லே?" என்றார்
சோற்றைப் பிசைந்தபடி.
குற்றச்சாட்டில்லை. கணக்கு.
"சார்ஜ் போட நிக்கிறது" என்றேன்.
பாதி உண்மை.

பெல்வில் தாண்டி ஓர் ஓய்விடம் இருக்கிறது.
எண்பது சதவீதத்தில் கிளம்பிவிடலாம்.
வீட்டில் செருகினால் செலவும் பாதி.
நான் இருக்கையைச் சாய்த்துவிடுவேன்.
கையில் இன்னும் கொதிநீர் விரிப்புகளின் வாடை.
திராட்சைக் கொடிகளின் மேல்
சோன் ஆற்றுப் பனி எழும்பும், அல்லது எழும்பாது.
யாருக்கும் நான் எதுவும் மடித்துத் தர வேண்டியதில்லை.
எண்பத்தொன்று. எண்பத்திரண்டு.
கடைசிச் சதவீதங்கள் மெதுவாகத்தான் ஏறும்,
அது பற்றரியின் சுபாவம்,
நான் குறை சொன்னதில்லை.

பட்டியலை அவர் மடித்துக்
குளிர்பெட்டிக் காந்தத்தின் கீழ் செருகினார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் இரவு வேலைக்குக் காரில் ஏறினால்
இருக்கைகளின் இடையில்
சுடுதண்ணிப் போத்தல், பெரியது,
விடியும்வரை சூடு தாங்குவது. உள்ளே தேநீர்.
கோப்பை ஒன்றுதான் வைத்திருந்தார்.
சீனி மட்டும், வழக்கம்போல,
இரண்டு பேருக்கானது.